அறுபத்தெட்டாம் நம்பர் ஆயில்

“ஹலோ... ஹலோ... ஆமாங்க மாப்ளே, கந்தவேல்தானுங்க. சொல்லுங்க... கேக்குது, கேக்குது... என்னங்க, இன்னைக்குமா?... எந்திரிக்கவே மாட்டேங்குதுங்களா? போன வாரம் மெதுவாவாச்சும் எந்திரிச்சுதுங்களே... ம்... ம்... சரிங்க, பதறாதீங்க. இருங்க, இந்தக் கிரைண்டர நிறுத்தச் சொல்லிட்டு வாரேன்.”

கிரைண்டர் நின்றது. திருச்செங்கோடு ரோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளின் ஜாக்கியையும் பம்பையும் பழுது பார்க்கும் பட்டறை அது. ஹைட்ராலிக் என்றால் கந்தவேல், கந்தவேல் என்றால் ஹைட்ராலிக் என்று ரிக்காரர்கள் சொல்வார்கள். இருபத்தேழு வருடமாக அவரும் அதை மறுத்ததில்லை.

போனில் பேசுகிறவர் அன்பரசு, கந்தவேல் ‘பாப்பா’ என்று கூப்பிடும் தங்கை வெண்ணிலாவின் வீட்டுக்காரர். கனடாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். குளிர்காலம் வந்துவிட்டால் பிக்கப் வண்டியின் மூக்கில் ஓர் ஆள் நீளத்துக்கு இரும்புப் பலகையை மாட்டிக்கொண்டு, ஊரார் வாசலில் கொட்டிக் கிடக்கும் பனியைத் தள்ளிக் கொடுப்பது அவர் தொழில். பலகையைத் தூக்குவதும் இறக்குவதும் ஹைட்ராலிக், அதாவது பம்பு தள்ளும் எண்ணெயின் அழுத்தம். அதனால்தான் சந்தேகம் வந்தால் மச்சானுக்கு போன் வரும். மச்சானோ, பனி என்று பார்த்ததெல்லாம் மார்கழி விடியலில் கொல்லிமலைப் பக்கம் தெரியும் வெள்ளைப் புகையைத்தான்.

“இங்க சாயங்காலம் அஞ்சரைங்க. அங்க காலைல ஏழா?... எட்டு மணிக்கா?... எந்த முதியோர் இல்லம், நீங்க ஒப்புத்துக்கிட்டீங்களே, அதுங்களா?... அட சாமி. டயாலிசிஸ் பண்ற பெரியவரக் கூட்டிட்டுப் போற வேனா?... வாசல்ல எத்தன உசரம் கெடக்குது?... இடுப்பு வரைக்குமா!... ஆமாங்க, ஆமாங்க, ஒண்டியா மம்புட்டி வெச்சு அள்ள முடியுங்களா அத... ம்... அவன் இருந்திருந்தா... ம். அந்தப் பேச்சு இப்ப வேண்டாமுங்க.”

கடைசி வாக்கியத்தைக் கந்தவேல் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்த ‘அவனை’ப் பெற்றவள் எதிரில் உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

சென்னம்மாள் ராசிபுரத்துப் பக்கம் ஜவ்வரிசி மில்லில் வேலை பார்ப்பவர். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் மட்டும் உட்கார்ந்து, கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன் சரவணமுத்து போன வாரம் வரை அன்பரசுவின் வண்டியை ஓட்டியவன். பலகையை முரட்டுத்தனமாக ஓட்டிப் பம்பைக் கெடுத்துவிட்டான் என்று அன்பரசு அவனை நிறுத்திவிட்டார். ‘ஓட்டறவன் கை சரியில்லீங்க’ என்று தீர்ப்புச் சொன்னது கந்தவேல்தான். அது சென்னம்மாளுக்கும் தெரியும். தெரிந்துதான் பஸ் ஏறி வந்திருந்தார். “ஏதோ புத்தியில்லாம செஞ்சுட்டான் சாமி. நான் மன்னிப்புக் கேக்கறேன். உங்க பேச்ச மாப்பிள்ளை தட்ட மாட்டாரு” என்று அவர் சொல்லி முடிக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

“சுவிட்ச அமுக்குங்க, என்ன சத்தம் வருதுன்னு கேப்போம்... ம், டிக்குங்குது... அப்பறம் மோட்டாரு முக்குது. உடுங்க, உடுங்க! ரெண்டு செகண்டுக்கு மேல அமுக்காதீங்க, மோட்டாரு வெந்து போயிரும்.”

டிக் என்றால் மோட்டாருக்குக் கரண்ட் வந்து சேர்கிறது. முக்குகிறது என்றால் பேட்டரியிலும் குறையில்லை. அப்படியானால் பம்புக்குள் இருக்கிறது வில்லங்கம். அது என்ன வில்லங்கம் என்பதும் கந்தவேலுக்குத் தெரியும். தெரிந்தும் மனிதர் நேரே போகாமல் ஊரைச் சுற்றினார்.

“எதுக்கும் பேட்டரி முனை ரெண்டையும் ஆட்டிப் பாருங்க... இறுக்கமா இருக்குதா... பச்சை கிச்சை பூத்திருக்குதுங்களா?... இல்ல... எர்த் ஒயரு?... அதுவும் சரி... பலகை தரையோட ஒறைஞ்சு ஒட்டிக்கிச்சோ என்னமோ. கடப்பாறை மாதிரி ஏதாச்சும் அடியில குடுத்து நெம்புங்க... அசையுதா... ம்... அப்ப அதுவும் இல்ல... கோவிச்சுக்காதீங்க மாப்ளே, ஒவ்வொண்ணாத்தானுங்க பாக்கோணும்... எத்தன டிகிரிங்க அங்க?... மைனஸ் இருவத்தெட்டா...”

சுற்றிச் சுற்றி வந்தாலும் கடைசியில் வீட்டுக்குத்தானே வர வேண்டும்.

“சரிங்க... பம்பு மேல எண்ணெய் டேங்கு இருக்குதில்ல, அந்த மூடியத் தொறங்க. ஒரு குச்சிய உட்டு எடுங்க. கையுறையக் கழட்டாதீங்க... சொட்டுதுங்களா?... சொட்டவே இல்லியா?... ஜவ்வரிசிக் கஞ்சியாட்டமா?... ம்...”

கஞ்சி என்ற சொல் காதில் விழுந்ததும் சென்னம்மாள் நிமிர்ந்து பார்த்தார். கந்தவேல் பார்வையைச் சுவரிலிருந்த காலண்டருக்கு மாற்றிக்கொண்டார்.

ஐப்பசியில் நடந்தது அது. குளிருக்கு முன்னால் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று அன்பரசு கடையில் வாங்கி வந்த நீல நிற எண்ணெயை வீடியோவில் காட்டினார். தண்ணீர் மாதிரி ஓடியது. கந்தவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பக்கத்து வெயிலில் மெலிந்த எண்ணெயை ரிக்கில் ஊற்றினால் பம்பு ஓலமிடும், ஜாக்கி உட்கார்ந்துவிடும். இங்கே எண்ணெய் என்றால் கெட்டியாக இருக்க வேண்டும், அறுபத்தெட்டாம் நம்பர். ‘கடைக்காரன் உங்க தலைல மொளகா அரைச்சுட்டான் மாப்ளே, அதக் கீழ ஊத்திட்டு அறுபத்தெட்டு வாங்கிப் போடுங்க’ என்றார். அன்பரசுவின் பக்கத்தில் நின்ற சரவணமுத்து, இந்த ஊர்க் குளிருக்கு மெலிசுதான் ஆகும் என்று கடையில் சொன்னார்கள் என்று இழுத்தான். ‘கடைக்காரன் சொன்னா கெணத்துல குதிப்பியாடா?’ என்று கந்தவேல் ஒரே போடாகப் போட்டார். வெண்ணிலாவும் சிரித்தாள். அண்ணன் சொன்னால் அப்பீல் ஏது?

அது அறியாமல் செய்த பிழை, போகட்டும். போன வாரம் பலகை மெதுவாக ஏறுகிறது என்று போன் வந்தபோதே அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ தட்டியது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டு ஓட்டுகிறவன் மேல் பழியைப் போட்டது. அன்று சாயங்காலம் பக்கத்துப் பேக்கரி ஃப்ரீசரில் ஒரு டம்ளர் அறுபத்தெட்டை வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். விழவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதற்கு மறுநாள் சரவணமுத்துவை நிறுத்திய செய்தி வந்தது. அப்போதும் பேசவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

“மாப்ளே... குளுருக்கு எண்ணெய் கெட்டிப்பட்டுப் போச்சுங்க. சூடு பண்ணித்தான் ஆகோணும்... ஐயையோ, வெந்நி ஊத்தீராதீங்க, ஊத்துன சுருக்குல கல்லாயிரும். பாப்பா தலை காய வெக்கற மெஷின் வெச்சிருக்குதில்ல... ஆமாங்க, அதேதான். ஒயர இழுத்தாரச் சொல்லுங்க. பம்பு மேல ஒரு கம்பளியப் போட்டு மூடி, உள்ளார அந்தக் காத்த உடுங்க... பத்து நிமிசம். போன வெக்காதீங்க, நான் இருக்கறன்.”

போன் காதோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் மெஷின் ‘ம்ம்ம்’ என்று ஊதிக்கொண்டிருந்தது. கந்தவேல் கையில் அகப்பட்ட ஒரு வாஷரை உருட்டிக்கொண்டிருந்தார். சென்னம்மாள் மெல்லிய குரலில், “எம்பையனப் பத்தி ஒரு வார்த்த சாமி...” என்றார். கந்தவேல் தலையை மட்டும் ஆட்டினார். அந்த அம்மாள் தன் மகன் செய்யாத குற்றத்துக்கு இவரிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது, முள்ளின் மேல் உட்கார்ந்ததுபோல இருந்தது.

“ம்... ஆச்சுங்களா... இன்னங்கொஞ்சம் காட்டுங்க... மணி ஏழு இருவதா... சரி, இப்ப ஒருக்கா அமுக்குங்க. ரெண்டே செகண்டு... உட்டு மறுக்கா அமுக்குங்க... அசைஞ்சுதா?... பாப்பா கத்தறது இங்க கேக்குது! ஏறுதுங்களா?... ஏறுது, ஏறுது... முழுசா ஏறிப் போச்சா! அப்பாடா. மெதுவாவே போங்க, எறக்கி ஏத்தறத கொறைச்சுக்கோங்க...

“அட, நான் என்னங்க பண்ணிட்டன்... அதெல்லாம் இல்லீங்க... இல்லீங்க மாப்ளே, ரொம்பச் சொல்றீங்க... யாரு, அவனா?... அவன நிறுத்துனது சரிதானுங்களான்னா... ம்... ம்...”

‘ஆமாங்க’ என்று ஒரு வார்த்தை போதும். அன்பரசு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், பெரியவர் வேன் ஏறிவிடுவார், கந்தவேல் கந்தவேலாகவே இருப்பார். நாளைக்கு வேறு ஏதாவது சாக்குச் சொல்லி எண்ணெயை மாற்றச் சொல்லிவிடலாம். ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. அவர் நிமிர்ந்தார். சென்னம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ளே... வெச்சறாதீங்க... தெரியுமுங்க, நேரமாச்சு. ஸ்பீக்கர்ல போட்டுட்டு வண்டிய எடுங்க. போயிட்டே கேளுங்க... அவன் கை மேல தப்பில்லீங்க... சரவணமுத்துதானுங்க. தப்பு எண்ணெய்ல. அறுபத்தெட்டு அந்தக் குளுருக்கு ஆகாதுங்க. மொதல்ல கடைக்காரன் குடுத்தானே, நீல எண்ணெய், அதுதான் சரி. நாந்தான் கொட்டச் சொன்னன்... ஆமாங்க, எம்பட தப்புத்தான்...

“என்னங்க சிரிக்கறீங்க?... இல்லீங்க... ஆமாங்க, அவங்கம்மா இங்கதான் வந்து உக்காந்திருக்குது... இல்லீங்க மாப்ளே, அதுக்காவ சொல்லல. நெசமாலுமேங்க... பெரிய மனசும் இல்ல ஒண்ணும் இல்ல, சொல்றதக் கேளுங்க...”

எதிரில் சென்னம்மாள் கண் கலங்கி இரண்டு கையையும் கூப்பினார். தன் மகனைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற உத்தமரைப் பார்த்துக் கும்பிட்ட கும்பிடு அது. இருபத்தேழு வருடம் சேர்த்து வைத்த நல்ல பேர், உண்மையைச் சொன்னால்கூட நம்ப விடாமல் குறுக்கே நின்றது. இதற்கு மேல் சொல்ல ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதை எவரிடமும் சொல்வதாக கந்தவேல் நினைத்திருக்கவில்லை.

“மாப்ளே, எனக்குப் போன வாரமே தெரியுமுங்க.”

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

“நீங்க போன் பண்ணி வெச்சதுமே பேக்கரி ஃப்ரீசர்ல எண்ணெய வெச்சுப் பாத்துட்டன். கட்டிதட்டிப் போச்சு. எண்ணெய்தான் காரணம்னு மறுநாளே தெரிஞ்சு போச்சு... ஆமாங்க. அவன நீங்க நிறுத்தறதுக்கு முந்தின நாளே தெரியும்... சொல்லலீங்க... ஏன்னா என்னங்க சொல்றது. ஹைட்ராலிக்ல நான் தப்புச் சொல்லிட்டன்னு சொல்ல வாய் வரல. அவ்வளவுதானுங்க. அவன் சோத்துல மண்ணப் போட்டுட்டு நான் பேசாம இருந்துட்டன்... மாப்ளே... ஏனுங்க மாப்ளே, இருக்கறீங்களா?”

என்ஜின் சத்தமும், பலகை எங்கேயோ தரையை உரசிக்கொண்டு போகிற சத்தமும் மட்டும் வந்தன. பனி விலகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சென்னம்மாளின் கூப்பிய கைகள் மெதுவாக மடியில் இறங்குவதையும் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

“ம்... சொல்லுங்க... ஆமாங்க... அது நியாயந்தானுங்க... நானே சொல்லோணுமா... சொல்றனுங்க, அவங்கிட்டயே சொல்றன்... நம்பரு அவங்கம்மாகிட்ட வாங்கிக்கறன்... பாப்பாகிட்டயுமா?... சரிங்க. அதுக்கும் நானே சொல்றன்... வண்டியப் பாத்து ஓட்டுங்க... மாப்ளே?... ஹலோ... ஹலோ...”

லைன் துண்டிக்கப்பட்டிருந்தது. கந்தவேல் போனைத் துணியில் துடைத்தார், அதில் துடைக்க ஒன்றும் இல்லை. “அக்கா, பையன் நம்பரு...” என்று ஆரம்பித்தார்.

சென்னம்மாள் எழுந்து நின்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார் கந்தவேல். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“ஒரு வாரமா தெனமும் போன் பண்ணி அழுவறான் சாமி. நான் ஒண்ணும் ஒடைக்கலம்மா, நம்பும்மான்னு. நாந்தான் நம்பல. கந்தவேலு சொன்னா சரியாத்தான்டா இருக்கும், நீதான் என்னமோ பண்ணியிருப்பேன்னு, பெத்த புள்ளையத் திட்டிப் போட்டன்.”