நான் உட்கார்ந்தேன், 'ட' எழுந்தது

என் பேச்சின் நீளத்துக்கு அஞ்சி இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் தலைவர் அவர்களே, வாக்கெடுப்புக்குக் காத்திருக்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, மின்விசிறிக்கு அடியில் இடம்பிடித்த தாய்மார்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

இந்த மண்டபத்தில் என் தங்கை மகள் நடத்தும் ஞாயிறு வகுப்பைத் தொடர்வதா, மூடுவதா? "எழுந்து எழுந்து உட்காருவதும் ஒரு பாடமா?" என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. விடையோடு வர நினைத்தேன், குழப்பத்தோடு வந்திருக்கிறேன்.

கணினித் திரையில் கட்டங்களை ஒளிரவைத்து, ஒரு வடிவம் தன்னைத்தானே படியெடுத்துப் பரவுவதை ஆராய்கிறவள் அவள். போன ஞாயிறு, நாற்காலி வரிசைகளில் இருந்த நம்மையே கட்டங்களாக்கினாள். ஒவ்வொருவரும் தமக்கு முன்னால், பின்னால், இடம், வலம் என நால்வரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ண வேண்டும். ஒற்றைப்படையானால் அடுத்த கைதட்டலுக்கு நிற்க வேண்டும். இரட்டைப்படையானாலும், யாருமே நிற்காவிட்டாலும் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

முதல் முறை குளறுபடி. தையல்காரர், மூலைவாட்டில் இருந்த மைத்துனரையும் எண்ணிவிட்டார்.

"அவரும் என் பக்கம்தானேம்மா?"

"சண்டைன்னா உங்க பக்கம், சார். கணக்குல இல்ல."

மறுபடி தொடங்கினோம். நடுவில் ஐந்து பேரை 'ட' வடிவில் நிறுத்தினாள். அதன் மூலையில் நின்றவன் நான். ஒரு தட்டு, இரண்டு தட்டு. எங்கும் தலைகள், எழுத்தைக் காணோம். செயலாளர் பொறுமையிழந்தார்.

"என்னம்மா இது, பஸ்ஸைப் பார்த்த மாதிரி ஆளாளுக்கு எந்திரிக்கிறாங்க. நிறுத்திடலாம்."

"இன்னும் ரெண்டே தட்டு, சார்."

இரண்டு முறை தட்டினாள். முதல் தட்டிலேயே உட்கார்ந்த நான் எழவே இல்லை. என்னோடு 'ட'வாக நின்ற நால்வரும் இப்போது உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்மா, நான் தப்பு பண்ணிட்டேனா?"

"சரியாத்தான் உட்கார்ந்திருக்கீங்க, மாமா. மேடையில ஏறிப் பாருங்க."

ஏறினேன். நாங்கள் நின்ற இடம் வெறுமை. அதன் நாற்புறமும் நான்கு 'ட'! ஒன்றில் தையல்காரர், இன்னொன்றில், எதிர்த்தே நின்ற நம் செயலாளர்!

நகர்ந்தது யார்? எவரும் நாற்காலியை விட்டு நகரவில்லை, எழுத்து நகர்ந்தது. எழுதியது யார்? எவரும் முழு எழுத்தைப் பார்க்கவில்லை. எழுத்து பிழையின்றி நின்றது. ஆயுள் முழுக்கக் கரும்பலகையில் 'ட' எழுதியவன், அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

புரியவில்லை என்கிறார் அங்கே ஓர் அம்மா. எனக்கும்தான், தாயே. வீட்டில் சட்டைப் பொத்தான்களைத் தரையில் அடுக்கி இன்னமும் மண்டையை உடைத்துக்கொள்கிறேன். விடையோடு அனுப்பும் வகுப்புகள் ஊரில் ஏராளம். இப்படி ஒரு குழப்பத்தோடு வீட்டுக்கு அனுப்பும் வகுப்பு இது ஒன்றுதான். இதையும் மூடிவிட்டால் நம் பிள்ளைகள் எங்கே போய்க் குழம்புவார்கள்?

வகுப்பு வேண்டுவோர் எழுந்து நிற்கலாம் என்று செயலாளர் சொல்லப்போகிறார். போன ஞாயிறு பக்கத்தில் பார்த்து எழுந்தீர்கள். இன்று தயவுசெய்து பக்கத்தில் பார்க்காதீர்கள். பொறுத்துக்கொண்ட செவிகளுக்கு நன்றியும் வணக்கமும். நான் உட்காருகிறேன்; எழுவது உங்கள் முறை.