ஆணியில் தொங்கிய தொப்பி

காலையில் சூடாக ஏதாவது வயிற்றில் விழுந்தால்தான் எனக்குப் பேச்சே வரும். தேநீருக்கு நன்றி, ஐயா.

நகாலேவும் நானும் வால்விஸ் பே மீன் ஆலையில் குளிர் அறை ஆட்கள். உள்ளே போகிறவன் கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு, தன் சொந்தத் தொப்பியைக் கதவருகே ஆணியில் தொங்கவிடுவான். தொப்பி தொங்கினால் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. உள்பக்கக் கைப்பிடி உடைந்து நாளாகிவிட்டது. மூடப்போகிற ஆலையில் அதையெல்லாம் யார் சரிசெய்வார்கள்?

கடலில் மீன் குறைந்துவிட்டதாம், ஆலையை மூடினார்கள். மீன் வெட்டும் பெண்கள் வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, இருப்புத்தான் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது. வடக்கே என் பிள்ளைகள் நான் அனுப்புவதைத்தான் சாப்பிடுகிறார்கள். இயந்திரங்களை விற்கும்வரை காவலுக்கு ஒரே ஓர் ஆள் போதும் என்றார் மேலாளர். நகாலேவைத் தேர்ந்தெடுத்தார். அவனோ கல்யாணமே ஆகாதவன். நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

அவன் வேடிக்கைக்காரன். "என்னடா எரஸ்டுஸ், மூஞ்சி உப்புல போட்ட மீன் மாதிரி இருக்கு? நீ ஊருக்குப் போயி ஆடு மேய்டா. நான் இங்க ராஜாவா இருக்கேன்."

"காலி ஆலைக்கு எதுக்குடா ராஜா?" என்றேன். இருவரும் சிரித்தோம். எனக்குக் கோபமே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் கடைசி வேலை நாள் மாலை, மிச்சமிருந்த பெட்டிகளைப் பார்க்க அவன் உள்ளே போனான். கடல் காற்று காதைக் குத்தியது. ஆணியில் இருந்த தொப்பியை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

ஆலைக் கதவுகளைப் பூட்டுகிற பவுலுஸ் வந்தான். "உள்ள யாராச்சும் இருக்காங்களாண்ணே?"

"ஆணியப் பாருடா."

பார்த்தான். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். சின்னப் பையன், அவனை ஒன்றும் செய்யாதீர்கள்.

மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "நகாலே சொல்லாமக்கொள்ளாம ஓடிட்டான்போல. காவலுக்கு நீ இருக்கியா?" இருக்கிறேன் என்றேன். மீனை ஏற்ற லாரி வந்த அன்றுதான் அவன் கிடைத்தான்.

தட்டும் சத்தம் கேட்டதா என்கிறீர்கள். கேட்டது. இத்தனை வருடம் கூட வேலை செய்தவனைத் தனியாக விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை, ஐயா. தட்டுவது நிற்கும்வரை கதவருகிலேயே நின்றேன்.