ஏர்பேக் இருக்க வேண்டிய இடம்

மத்தியானம் மூன்று மணி. ஊருக்கு வெளியே, பாதியில் நின்றுபோன ரிங் ரோடு. ஆள் இல்லை, வண்டி இல்லை, நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை...

சிரிக்காதீர்கள். பேய்க்கு ராத்திரி ஷிஃப்ட் மட்டும்தான் என்று யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள்.

இது நடந்தது, இதோ போர்வைக்குள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறானே சோடாபுட்டி, இவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு. எங்கள் எல்லோருக்கும் அவர் மச்சான்தான். பழைய கார் வாங்கி, பளபளவென்று ஆக்கி விற்பது தொழில். அடிபட்ட கார் என்றால் தனிப் பிரியம். ஏலத்தில் சல்லிசாக வரும். பட்டி பார், பெயின்ட் அடி, தள்ளிவிடு. சீட் வேலை என்னிடம் வரும். நான் சீட் தைக்கிறவன். கதையில் வீரன் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம். என்ஜின் ஓடுதா, பேப்பர் இருக்கா என்று கேட்பார்கள். உள்ளே யார் இருந்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மோதினால் ஸ்டீயரிங்கிலிருந்து உப்பிக்கொண்டு வந்து நெஞ்சைத் தாங்குமே, ஏர்பேக்... அது வெடித்துப்போன வண்டியில் புதுசு போட்டால் லாபம் போச்சு. மச்சான் என்ன செய்வார்? கிழிந்த பையை வெட்டி எறிவார். "உள்ள கொஞ்சம் ஃபோம் வச்சு மூடியைத் தைச்சிரு. தட்டினா கும்முனு இருக்கணும்" என்பார். நானும் தைத்தேன். ஐந்தாறு வண்டி. நல்ல தையல் வேறு, நாசமாய்ப்போக.

"எங்க அத்தான ரொம்பத்தான் பேசுறே."

"பொத்துடா சோடாபுட்டி. என்னையும் சேர்த்துத்தான் திட்டுறேன்."

ஒரு நாள் சாம்பல் நிறக் கார் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. ஆனால் ஏர்பேக் வெடிக்கவே இல்லை. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. "ஸ்டீயரிங்கைத் தொடாதே, அது லாபம்" என்றார். தொடவில்லை.

வாங்க வந்தது ஒரு டீச்சர். ஆறு மாதக் கர்ப்பம். ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார் மச்சான். அங்கே பள்ளமே கிடையாது. கடகட சத்தம் வெளியே தெரியாது. டீச்சர் ஓட்ட, பக்கத்தில் மச்சான், பின்னால் நான்.

"ஏர்பேக் நல்லா இருக்காண்ணே?"

"பிரிக்கவே இல்லம்மா. கம்பெனியில வச்சது வச்சபடி இருக்கு."

பாவி மனுஷன், அன்றைக்கு நம்பித்தான் சொன்னார்.

அவர் வாயை மூடவில்லை... ஹாரன் அடித்தது.

"நான் அமுக்கலண்ணே!" டீச்சர் வண்டியை ஓரங்கட்டி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். ஹாரன் நிற்கவில்லை. வழிவிடச் சொல்லி அடிக்கிற ஹாரன் இல்லை. ஒரு ஆள் ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து கிடந்தால் வருமே... விடாமல், ஒரே இழுப்பாக... அது.

மச்சான் ஃபியூஸைப் பிடுங்கினார். அடித்தது. பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றினார். என்ஜின் இல்லை, கரண்ட் இல்லை... அடித்தது. உள்ளே வெக்கை. பூட்டிய அறையில் யாரோ ரொம்ப நேரம் மூச்சு விட்டால் ஒரு வாடை வருமே, அது.

மச்சான் ஓடி வந்து ஸ்டீயரிங்கில் குத்தினார். "நிறுத்துடா! டேய்... நிறுத்து!"

யாரைப் பார்த்து 'டா' என்றார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சத்தம் இன்னும் கூடியது.

பயத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. டூல்ஸ் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஸ்டீயரிங் மூடியைக் கழற்றினேன். உள்ளே... ஏர்பேக் இல்லை. ஃபோம். ஓரத்தில் சிவப்பு நூல், முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு எட்டுப் போட்டிருந்தது. எட்டுப் போட்டு முடிப்பது நான் ஒருவன்தான்.

கதவு இடுக்கில் நகத்தால் சுரண்டினேன். சாம்பலுக்கு அடியில் வெள்ளை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்களே விற்ற வெள்ளைக் கார். வேறு நிறத்தில், வேறு ஆள் பெயரில், திரும்பி வந்திருக்கிறது.

ஃபோமை வெளியே எடுத்ததும் ஹாரன் நின்றது.

"என்னண்ணே இது?"

"இதுதாம்மா ஏர்பேக்" என்றேன்.

டீச்சர் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். கத்தவில்லை. "இதுக்கு முன்னாடி ஓட்டினவங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டாள்.

அத்தனை வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். மச்சான் பேட்டரி ஒயரை மாட்டப் போய்விட்டார்.

அந்த வெயிலில் இறங்கி நடந்தாள். தண்ணி பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். என் கையிலிருந்து வாங்கவில்லை. சரிதானே.

திரும்பி வந்துதான் ஃபோமை ஒழுங்காகப் பார்த்தேன். நடுவில் ஒரு முகம் பதிந்திருந்தது. நெற்றி, மூக்கு, கடித்த பல். ஃபோமை அமுக்கி விட்டால் எழும்பும். இது எழும்பவில்லை. பயந்த முகம் இல்லை அது... பயங்கரக் கோபம்.

"மத்த வண்டியெல்லாம் யாருக்கு வித்தோம்னு தேடிப் போன் போடு மச்சான்" என்றேன். "பழைய ஃபோம் அமுங்கத்தான்டா செய்யும், போடா" என்றார்.

அதோடு விட்டாரா? முந்தாநாள் இன்னொரு மூடியோடு கடைக்கு வந்தார். "கடைசித் தடவைடா." நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். வாடகை, மண்ணாங்கட்டி என்று மனசுக்குள் ஆயிரம் சாக்கு.

அவர் போனதும் பரணில் போட்டு வைத்திருந்த அந்தப் பழைய ஃபோமை இறக்கினேன். கடித்திருந்த வாய்... திறந்திருந்தது. ஆழம் பார்ப்பது எங்கள் கைப்பழக்கம். யோசிக்காமல் விரலை விட்டுவிட்டேன். ஃபோம் இரண்டு இன்ச் கனம்தான். விரல் முழுசாக உள்ளே போனது. அந்தப் பக்கம் வெளியே வரவில்லை.

இழுத்தேன். பல் மூடியது.

இடது கையால் கத்திரிக்கோலை எடுத்து, மச்சான் கொடுத்த மூடியைத் துண்டுதுண்டாக வெட்டினேன். கடைசித் துண்டு விழுந்த பிறகுதான் விட்டது.

இன்று சாயங்காலம் மச்சான் வேறு தையல்காரரைப் பிடித்துவிட்டாராம். வண்டி தயாராம், ராத்திரியே தானே ஓட்டிப்போய்க் கொடுக்கிறாராம்.

கடை மூடும்போது அந்தப் பழைய ஃபோமை எடுத்துப் பார்த்தேன்.

தட்டையாக இருக்கிறது. முகம் அதில் இல்லை.