அலகின் முனை

அந்தச் சவரக்கத்திக்கு நான் செலவழித்தது நாற்பத்தொரு மணி நேரம். வேலை முப்பத்தொன்பதிலேயே முடிந்துவிட்டது. மீதி இரண்டு மணி நேரத்தைப் பிறகு சொல்கிறேன், சார்.

உங்கள் முதல் தகவல் அறிக்கையில் ‘துருப்பிடித்த பழைய கத்தி’ என்று இருக்கிறது. என் அறைத்தோழி பூமாரியின் மாமா படித்துக் காட்டினார். அது தவறு. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

நான் பி.எஸ்சி. இயற்பியல். ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. எஃகுத் துண்டுகளைத் தேய்த்துக் கண்ணாடி போலாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பேன். அதனால்தான் அதே கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை செய்யும் சக்திகுமார் கத்தியை என்னிடம் கொண்டுவந்தார். இறந்துபோன அவர் அப்பாவின் மடக்குக் கத்தி. கல்யாணத்தன்று மாப்பிள்ளைச் சவரம் அதில்தான் நடக்க வேண்டுமென்று ஆசை. “இத வேற யார்ட்டயும் நம்பிக் குடுக்க மாட்டேன் மேடம்” என்றார். அப்போது அவருக்குப் பெண் பார்த்திருக்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் எஃகு சூடேறிப் பதம் போய்விடும். விரல் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். மூன்றாவது வாரம் துருவுக்கடியிலிருந்து செய்தவன் பெயரின் முதல் எழுத்து தெரிந்தது. அன்று எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. சாணைக்கல்லில் அலகைத் தள்ளும்போது முதலில் கரகரவென்றிருக்கும். கூர் ஏற ஏறச் சத்தம் அடங்கும். கடைசியில் தோல்வாரில் இழுக்கும்போது பட்டுச்சேலை மடிக்கிற சத்தம்தான்.

எனக்கு ஆண்களிடம் பேச வராது. கைப்பிடிக்குக் கொம்பா மரமா, பழைய ஆணியே போதுமா என்று கேட்க வேண்டிவரும்போதெல்லாம் பூமாரியை அனுப்பினேன். ஒன்பது தடவை போனாள். ஒன்பதாவது தடவை வந்தவள் பாயில் விழுந்து சிரித்தாள்.

“ஏட்டி, ஒங் கத்தியால எனக்கு மாப்ள கெடச்சிருச்சு. நீ அந்தக் கத்தியவே கெட்டிக்கிட்டு இரு.”

நானும் சிரித்தேன். பொறாமை என்று நீங்கள் எழுதினால் அதுவும் தவறு. ஒருநாள் அவள் கல்யாண ரவிக்கையின் நூலை அந்தக் கத்தியால் அறுத்தாள். என் வருத்தம் அது ஒன்றுதான்.

அலகின் முன்முனையை சக்திகுமாரின் அப்பா உரசி மழுக்கி வைத்திருந்தார், சதையில் குத்தாமலிருக்க. செய்தவன் அதைக் கூர்மூலையாகத்தான் செய்திருந்தான். மீட்பது என்றால் முதலில் இருந்தபடி ஆக்குவது. அந்த இரண்டு மணி நேரம் அதற்குப் போனது. யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

கம்பெனியில் மூன்று நாள்தான் லீவு. அதனால் கல்யாணம் ஊரில் வைக்காமல் பக்கத்து மணிமங்கலத்தில். சங்கரன்கோவிலிலிருந்து வேனில் வந்தவர்களோடு கொம்பையாவும் வந்தார். சக்திகுமாரின் அப்பாவுக்கு முப்பது வருஷம் அதே கத்தியால் சவரம் செய்தவர். கட்டைவிரலில் கூர் பார்த்தார்.

“எந்த மகராசன் தீட்டுனது? வெண்ணெயில போறாப்புலல்லா போவுது.”

“பூமாரியோட ரூம்மேட்டு அண்ணாச்சி” என்றார் சக்திகுமார். நான் வாசலில்தான் நின்றிருந்தேன்.

கொம்பையா முனையைப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் பழகிய முனை. “கண்ண மூடிக்கிட்டே செரைப்பேன். நீ மட்டும் தலைய ஆட்டாத மாப்ள” என்றார்.

அவர் கவனக்குறைவானவர் அல்ல, சார். அவரை உள்ளே வைத்திருப்பது சரியல்ல. காதுக்குக் கீழே அலகு வந்தபோது ஒரு பெண்குரல் “சக்தி” என்று கூப்பிட்டது. மாப்பிள்ளை சட்டென்று திரும்பினார். முனை கழுத்தில் இறங்கியது. தாம்பரம் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கத்தியில் ஒரு புள்ளி துருகூட இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவரை அப்படிக் கூப்பிடுகிறவள் பூமாரி ஒருத்திதான். தான் கூப்பிடவே இல்லை என்று அழுகிறாள். உறவுக்காரர்கள் நம்பவில்லை. சகுனம் கெட்டவள் என்கிறார்கள்.

அவள் சொல்வது உண்மை. ஒரு வருஷமாக அவர் பெயரை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று சொன்னேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.