முன்னாடி வி, பின்னாடி வி

– இன்னொரு தபா சொல்லு டேனி சார். எனக்கு கேட் டூட்டிதான் தெரியும். கம்ப்யூட்டரு தெரியாது.

– மெஷின் செட்டிங் எல்லாம் ஒரு சர்வர்ல இருக்கு, வேம்புலிண்ணா. எல்லாரும் அதைத் திறக்க முடியாது. ஒரு குரூப் வச்சிருக்கோம். அதுல பேர் இருந்தாத்தான் திறக்கும்.

– எங்க பாஸ் நோட்டு மாரி. பேரு இருந்தா உள்ள வுடுவோம், இல்லாட்டி வெளிய நிறுத்துவோம்.

– அதேதான்.

– என் புள்ள சரணு, பீஸ் எண்ணி கம்ப்யூட்டருல ஏத்துற வேலைல கீறவன். அவனுக்கு இன்னாத்துக்கு செட்டிங்கு?

– தேவையே இல்லண்ணா.

– ஆனா தொறந்துச்சு.

– திறந்துச்சு. எண்ணிக்கைய தப்பான கட்டத்துல அடிச்சுட்டான், பாதுகாப்பு செட்டிங் மாறிடுச்சு. கை உள்ள இருந்தா பிரஸ் மெஷின் தானா நிக்கணும். அன்னைக்கு நிக்கல.

– மெஷினு ஓட்டுன தமிழரசு கை பூட்ச்சு.

– ம்.

– சரணு திருட்டுத்தனமா உள்ள பூந்தான்னு மேனேஜரு மெமோ குடுத்துட்டாரு. மூணு நாளு சோறு துன்னாம இதையே சொல்லிகினு இருந்தான். "நைனா, நான் பூரல, அதுவா தொறந்துச்சு"ன்னு. நான் நம்பல சார். பொய்யாடா சொல்றன்னு செவுள்லயே ஒண்ணு வுட்டேன்.

– அண்ணா...

– எங்க கேட்டுல பேரில்லாதவன் உள்ள பூந்துட்டா என்னைத்தான் புடிப்பாங்க. இங்க பேரு எழுதுனது யாரு?

– அது வந்து...

– சொல்லு சார்.

– நான்தான். இன்ஜினியர் பேர் வி. சரண். உங்க பையன் சரண் வி. முன்னாடி வி, பின்னாடி வி, அவ்ளோதான் வித்தியாசம். சாப்பாட்டுக்கு எழுந்துக்கற அவசரம். சரண்னு அடிச்சேன், மொதல்ல வந்த பேரச் சேத்துட்டேன்.

– மேனேஜருக்குத் தெரியுமா?

– தெரியும். வாயத் திறக்காதன்னுட்டார். வேலை போயிடுமோன்னு பயந்து, நானும் நாலு நாள் லீவு போட்டுட்டு வீட்லயே படுத்துட்டேன். இன்னிக்குத்தான் வரேன். அசிங்கமா இருக்குண்ணா. சரண் மேல தப்பே இல்லன்னு இப்பவே எழுதித் தரேன். கள்ளிக்குப்பத்துல உங்க வீட்டுக்கே வந்து அவன் கையப் புடிச்சுச் சொல்றேன்.

– வா சார்.

– சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சதும் வரேன்.

– சாயங்காலம் வேணாம். நாலு மணிக்கு எடுக்குறாங்க. ஐஸ் பொட்டில கீறான், காதாண்ட குனிஞ்சு சொல்லு.