வாயை மூடினாத்தான் படம் வரும்

…மெஷினைக் குறை சொல்லக்கூடாது தம்பி. நானும் ரெண்டு நாளா அதைத்தான் குறை சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். புது மெஷினாம். தலைமயிர் தடிப்பிலை ஓடுற ரத்தக்குழாயைக் கூடத் திரையிலை காட்டுமாம். என்ரையை மட்டும் காட்டுதில்லை. ஒரு ஸ்கானுக்கு மூண்டாம் தரம் வந்து குந்தியிருக்கிற விசரன் இந்த வெள்ளவத்தையிலை நான் ஒருத்தன்தான்.

என்னத்துக்கு ஸ்கானோ? இஞ்ச பாருங்கோ, காதுக்கு முன்னாலை, நெத்தியோரம்… இதிலை ஒரு சின்னக் குழாய் ஓடுது. அது வீங்கியிருக்கோ எண்டு பார்க்கவேணுமாம். வீங்கியிருந்தா… சரி, அதை விடுங்கோ. வேலை லேசு. ஜெல்லைப் பூசி, பேனை மாதிரி ஒண்டை மெதுவா வைச்சுக்கொண்டிருப்பினம். அமத்தவும் மாட்டினம், அமத்தினா குழாய் நசிஞ்சுபோமாம். நான் செய்யவேண்டியது பத்து நிமிசம் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. கதைச்சா தாடை ஆடும், நெத்தியோரமும் சேர்ந்து ஆடும், படம் கலங்கிப்போகும். நீங்களும் கையை இதிலை வைச்சுக்கொண்டு கதைச்சுப் பாருங்கோ. ம்… விளங்குதே?

முதல் நாள் தாரிகா எண்டொரு பிள்ளை. "அசையாதேங்கோ அங்கிள்" எண்டு அவ சொன்ன விதத்திலையே எங்கடை வடமராட்சிப் பக்கம் எண்டு பிடிபட்டுது. பேந்து என்னெண்டு சும்மா கிடக்கிறது? எந்த ஊர் பிள்ளை எண்டன். கரவெட்டியாம். கரவெட்டியிலை எவடம்? ஆரின்ரை மகள்? ஒரு வழியா, தாய்வழியிலை என்ரை மச்சாளுக்குச் சொந்தம் எண்டு கண்டுபிடிச்சு முடிக்க, தந்த நேரமும் முடிஞ்சுது. சொந்தம் கிடைச்சுது, படம் கிடைக்கேல்லை.

அடுத்த நாள் வேணுமெண்டே சிங்களப் பிள்ளையைப் போட்டினம். டில்ஷானி. எனக்குச் சிங்களம் தெரியாதெண்டு நினைச்சினமாக்கும். குருநாகல் தபால் கந்தோரிலை ஆறு வருசம் இருந்தவன் நான். அந்தப் பிள்ளையும் குருநாகலாம். முடிஞ்சுதே கதை. "அங்கிள், கட வஹகென இன்ன" எண்டு கையெடுத்துக் கும்பிட்டுது. வாயை மூடச் சொல்லி எனக்கு ரெண்டு பாசையிலையும் சொல்லியாச்சு.

சிரிக்கிறியள். டொக்டர் சிரிக்கேல்லை. அவர் குளிசை துவங்கிப்போட்டார். அந்தக் குளிசை நாலைஞ்சு நாளிலை வீக்கத்தை வத்தப்பண்ணிப்போடுமாம், பேந்து ஸ்கானிலை ஒண்டும் தெரியாதாம். இண்டைக்கு நாலாம் நாள். வருத்தம் இதுதான் எண்டு தெரியாமல் அதை மாசக்கணக்கிலை விழுங்கேலாது, எனக்குச் சீனி வருத்தம் வேறை, அந்தக் குளிசை சீனியை ஏத்துமாம். நிப்பாட்டினமெண்டு வையுங்கோ, கடைசியிலை இதுதான் வருத்தமெண்டா… கண் போயிடுமாம்.

ஓம், கண். போன வெள்ளி பேப்பர் வாசிச்சுக்கொண்டிருக்கேக்கை வலது கண் ரெண்டு நிமிசம் இருண்டுபோச்சு. பேந்து வந்திட்டுது.

உண்மையைச் சொல்லுறனே. உந்த ஸ்கான் அறையிலை லைற்றை நிப்பாட்டின உடனை எனக்கு அந்த ரெண்டு நிமிசம்தான் வருது. பயத்திலை வாய் தன்ரை பாட்டிலை ஓடுது தம்பி. ஊர் விசாரிக்கிறதெல்லாம் ஒரு சாட்டு.

மனுசி வரேல்லையோ எண்டு கேக்கிறியளோ? அவவுக்குத் தெரியாது. தலையிடிக்குப் பார்க்கப் போறன் எண்டுதான் சொன்னனான். வீடு பக்கத்து லேனிலைதான். எங்கடை பிளட்ஸ் கட்டடத்துக்குக் கீழை கடை வைச்சிருக்கிற ஸவாஹிருக்குச் சொல்லியாச்சு. இண்டைக்குக் கண்ட உங்களுக்கும் சொல்லியாச்சு. ஜெகதீஸ்வரிக்கு மட்டும் சொல்ல வாய் வரேல்லை. நாப்பத்திமூண்டு வருசமா அவவின்ரை காதைத் திண்ட வாய் இது.

பொறுங்கோ, கூப்பிடினம். பதினாலு… நான்தான் தங்கச்சி. இந்தத் தம்பியை முதல் எடுங்கோ, எனக்குப் பத்து நிமிசம் தாங்கோ. போங்கோ தம்பி, போங்கோ. நான் ஒரு கோல் எடுக்கவேணும்.

ஹலோ… ஓம், நான்தான்… இல்லையப்பா, தலையிடி இல்லை. கண்… வலது… ஓம். பொய்தான் சொன்னனான்… இப்ப வாரும். வந்து என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நில்லும். நான் கதைக்கமாட்டன்.