ஞாயிற்றுக்கிழமை அளவு

"கொஞ்சம் பட்டினி போட்டிருந்தா இன்னைக்கு நடந்திருப்பான்."

பஸ்ஸில் என் முன் இருக்கைப் பெண் சொன்னாள். இரணியலில் தோழியோடு ஏறியவள். மடியில் கால்நடை ஆஸ்பத்திரி மருந்துப் பை இருந்தது.

"குட்டி நாயை யாராவது பட்டினி போடுவாளா ஏட்டி?" என்றாள் தோழி.

"கிரேட் டேன் பெரிய சாதி நாயில்லா, பைய வளரணுமாம். வயிறு முட்டப் போடாத, கால்சியம் குடுக்காதன்னு டாக்டர் முதல்லயே சொன்னாரு. நான்தான் கேக்கல."

"பின்ன ஏன் குடுத்த?"

"எல்லா ஞாயிறும் துபாயிலேருந்து வீட்டுக்காரரு வீடியோ கால் போடுவாரு. நாயைக் கதவோரம் நிறுத்தி, ஸ்கேல் வச்சுக் காட்டணும். ஒரு வாரம் உயரம் கூடலன்னா, நீ அவனுக்கு ஒண்ணும் குடுக்கலன்னு ஏச்சு. கால்சியத்தையும் முட்டையையும் ரெண்டு மடங்காக்கினேன். வெயிட் ஏறிச்சு, முன்னங்கால் வளைஞ்சு போச்சு. இப்பம் எந்திரிக்க முடியல. ஆறு மாசந்தான் ஆவுது, கேட்டியா."

"அண்ணன்கிட்ட சொன்னியா?"

அவள் மருந்துப் பையின் வாயை மடக்கினாள். அந்த ஆள் பஸ்ஸில் இருந்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

அதற்குள் அவளுடைய ஃபோன் அடித்தது.

"பஸ்ஸில இருக்கேன்... இப்பம் வீடியோ வேண்டாம்... அவனா? சுகமா இருக்கான்... முப்பது இஞ்சு."

அவள் ஃபோனை வைத்ததும் தோழி கேட்டாள். "எந்திரிக்காத நாயை எப்பிடிட்டி அளந்த?"

"படுக்க வச்சுத்தான். ஸ்கேலைப் பாத்ததும் வாலை ஆட்டினான்."